அஷ்டமிக்கு உபயக்காரர் இல்லை

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கச் சொன்னேன். பேனாவைப் பிடித்திருந்த உன் தங்கை வசந்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள், எழுதவில்லை. சரி, அதை விட்டுவிடு என்றேன். எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதவும் வராது, படிக்கவும் வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பதினேழு வயதாகியும் வாசலில் யாராவது வந்து நின்றால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள், எழுத உட்கார்ந்தால் மட்டும் கூச்சப்படுவதில்லை. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. இல்லங்களுக்கு உதவி கொடுக்கும் உன் டிரஸ்டில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும், அதை நடத்தும் பெரிய மனிதர்களுக்கும் படித்துக் காட்டு. அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். வெட்கப்பட்டுக்கொண்டிருக்க எனக்கு இனி நேரமில்லை.

உன் கடிதம் போன வாரம் வந்தது. நம் பிள்ளைகள் இல்லத்துக்கு இரண்டு மாடிக் கட்டடம் கட்டித்தர டிரஸ்டில் சம்மதித்துவிட்டார்கள், தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் அடிக்கல் நாட்டுவிழா, எல்லோரும் மெட்ராஸிலிருந்து வருகிறார்கள், கட்டடத்துக்கு என் பெயரையே வைக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் கஷ்டமெல்லாம் தீர்ந்தது அம்மா என்று முடித்திருந்தாய். வசந்தா அதைப் படித்துக் காட்டியபோது நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்தாள். முந்தாநாள் அந்தக் கல்லும் வந்து இறங்கிவிட்டது. வழவழப்பான கறுப்புக் கல், என் பெயரைச் செதுக்கித் தங்க நிறம் பூசியிருக்கிறார்கள். முற்றத்தின் நடுவில் கிடக்கிறது. கிணற்றுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

மகனே, அந்தக் கல்லை நட வேண்டாம். தன்னடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. வயதாகி அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றும் நினைக்காதே. அந்தக் கட்டடம் எழும்பினால் அடுத்த தை வருவதற்குள் இந்த இல்லத்தை மூட வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்ததை உன்னிடம் சொல்கிறேன். உன் காலில் விழ முடியாது, நீ என் பிள்ளை. விழுந்ததாகவே வைத்துக்கொள்.

மண்ணச்சநல்லூரில் நெல் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா காலமானபிறகு, உன்னையும் கைக்குழந்தை வசந்தாவையும் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். கொள்ளிடக் கரைப் பக்கம் இந்த ஓட்டு வீடுதான் வாடகைக்குக் கிடைத்தது. செங்கல் காளவாய்க்கும் வாழைத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் நம் வாசல் வழியாகத்தான் போவார்கள். ஒருத்தி தன் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போனாள். மறுநாள் இன்னொருத்தி. நீ வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டே காலால் தூளியை ஆட்டுவாய், அது உனக்கு நினைவிருக்கும். வீடு நிறையப் பிள்ளைகள் ஆனபிறகு பால் வாங்க என்னால் முடியவில்லை. கோயிலுக்கு வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாது. கோயிலில் நான் பார்த்திருந்தது ஒரு முறைதான். இன்ன நாளைய தளிகைப் பிரசாதம் இன்னாருடைய உபயம் என்று ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ளும். அதையே நானும் செய்தேன். வருஷத்தில் ஒரு நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பாலும் சாப்பாடும் உங்கள் உபயம், வாசல் பலகையில் உங்கள் பெயர் இருக்கும் என்றேன். ஊருக்குப் பழகிய வழி என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நீ காலேஜுக்குப் போகும்வரை அந்தப் பலகையில் பெயர் எழுதியவன் நீதான். அதற்குப்பிறகு வசந்தா எழுதுகிறாள்.

பெயர் எழுதிய நாட்களைத்தான் நீ பார்த்தாய். எழுதாத நாட்களில் நீ ஸ்கூலில் இருந்தாய். துவாதசி என்றால் போட்டி. ஆடிப்பெருக்கு, புரட்டாசிச் சனிக்கிழமை, மார்கழியில் பாதி நாள், இவற்றுக்கெல்லாம் உபயக்காரர்கள் எனக்கு உனக்கு என்று வருவார்கள். ஒரே நாளில் மூன்று வீட்டுப் பாயசம் வந்து, பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுப்போனதும் உண்டு. அஷ்டமி, நவமி, அமாவாசைக்கு மறுநாள் என்றால் ஒருவரும் கிடையாது. கோகுலாஷ்டமியும் ராமநவமியும் வந்தால்தான் அந்தத் திதிகளுக்கே மரியாதை. உத்தர வீதியில் ஒரு மாமி, நல்ல மனசு, பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டுமென்று ஒரு நாள் எடுத்துக்கொள்ள வந்தார். அஷ்டமி காலியாக இருக்கிறது என்றேன். "அஷ்டமியிலயா? நன்னாருக்காதேம்மா. துவாதசியாப் பார்த்துச் சொல்லுங்கோ, ரெண்டு பங்கா வேணாலும் குடுக்கறேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நாளைத் துண்டு போட்டு விற்றவள் நான்தானே. நல்ல நாளைத்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. மோரில் தண்ணீரை ஊற்றி, கஞ்சியில் தண்ணீரை ஊற்றி அந்த நாட்களைக் கடத்தினோம். வசந்தா எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது பஞ்சாங்கத்தில்தான். அஷ்டமி எப்போது வருகிறது என்று பார்த்து முதல்நாளே அரிசியை எடுத்து ஒளித்துவைப்பாள்.

அஞ்சலை அப்போதே வந்துவிட்டாள். உனக்கு அவளைப் பிடிக்கும், உன் தலையில் எண்ணெய் தேய்க்கும்போது நீ ஓடுவாய், துரத்திப் பிடிப்பாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இந்த இல்லத்தில் நான் வைத்த ஒரே ஆள் அவள்தான். "அஷ்டமியன்னிக்குப் பசிக்கக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துரலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் உபயக்காரர் மட்டும் கிடைக்கவேயில்லை. எல்லா உபயத்திலிருந்தும் கொஞ்சம் கிள்ளி அவளுக்குக் கொடுத்தேன். கிள்ளினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திருடி என்று நினைப்பார்களோ என்று பயம்.

பிறகு பொருளாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரிய கடை வீதி ஜவுளிக்காரர் இரும்புத் தொட்டில்கள் கொடுத்தார், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் அவர் அப்பா பெயர். ஆட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்னொருவர் ரேடியோ கொடுத்தார். அரசாங்கத்துக்கு வருஷ லைசென்ஸ் கட்ட வழியில்லாமல் அது துணி போர்த்தி மூலையில் இருக்கிறது. அவர் வரும் நாளில் மட்டும் துணியை எடுப்போம். சுவர்க்கடிகாரம், வெள்ளித் தட்டு, மயில் படம் போட்ட திரைச்சீலை. எல்லாவற்றிலும் பெயர். சம்பளத்துக்கு யாராவது கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று ஒருநாள் ஜவுளிக்காரரிடம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன். "சம்பளம்னா அது கரைஞ்சு போறதும்மா, நம்ம பேர் எதுல நிக்கும்?" என்றார். உள்ளே பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அஞ்சலை காதில் அது விழுந்துவிட்டது. அவர் போனபிறகு, "என் முதுகு சும்மாத்தான் இருக்கு அக்கா. அதுல எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அன்று சிரித்தோம். இன்று அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இப்போது சொல்லப்போவதை எழுத மாட்டேன் என்று வசந்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது, அவனுக்குத் தெரியட்டும் என்று சொல்லி மறுபடி எடுக்க வைத்திருக்கிறேன். திருச்சியில் ஒரு சங்கத்தார் நமக்குத் தகரக் கொட்டகை போட்டுத் தந்தார்கள் அல்லவா, நீ காலேஜில் இருந்தபோது? புதிதாக ஏதாவது ஆரம்பித்தால்தான் உதவி, ஏற்கெனவே நடப்பதற்கு உதவுவது அவர்கள் வழக்கமில்லை என்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பழைய வேலை. ஆகவே தையல் வகுப்பு ஆரம்பிக்கிறோம் என்று ஒப்புக்கொண்டேன். மெஷின் வந்தது, கொட்டகை வந்தது, சொல்லித்தர ஆள் வரவில்லை. தைக்கத் தெரிந்தவள் அஞ்சலை. அவளை அங்கே அனுப்பிவிட்டால் பிள்ளைகளுக்கு யார்? இரண்டு மாதம்தான், ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி வசந்தாவை ஸ்கூலிலிருந்து நிறுத்தினேன். எட்டாவது பரீட்சை எழுதியிருந்தாள். ஒன்பதாவதுக்குப் போகவில்லை. தங்கச்சிக்குப் படிப்பு ஏறவில்லை, கூச்ச சுபாவம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று உனக்கு எழுதச் சொன்னது நான். அதையும் அவள் கையாலேயே எழுதவைத்தேன். தையல் வகுப்பு ஒரு வருஷத்தில் நின்றுவிட்டது, அந்தச் சங்கத்தார் வேறு ஊரில் வேறு புதியதற்குப் போய்விட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கொட்டகையை மட்டும் கணக்குப் பார்த்தார்கள். அதற்கு வசந்தா கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும்படி நானும் விடவில்லை.

அப்படியென்றால் உங்களுக்குக் கட்டடம் வேண்டுமென்று எங்கள் ஆளிடம் ஏன் சொன்னாய் என்று நீ கேட்பாய். கேட்பது நியாயம். சித்திரையில் உன் டிரஸ்டிலிருந்து ஒருவர் வந்தார். நீ என் பிள்ளை என்பதால் நீ வராமல் அவரை அனுப்பினார்கள் என்றாய். மரியாதையான மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். முதல்நாளே தகவல் வந்துவிட்டதால் பிள்ளைகளுக்கெல்லாம் உபயக்காரர்கள் தந்த நல்ல சட்டையைப் போட்டு, ரேடியோவிலிருந்து துணியை எடுத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஆயா மாதிரி நிற்கவைத்தேன். ஆள் போதுமா என்று கேட்டார். "போதுமுங்க" என்றேன். எல்லாம் நன்றாக நடக்கிறதா என்றார். "உங்க புண்ணியத்துல நல்லா நடக்குதுங்க" என்றேன். குறை இருக்கிற இடத்துக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம். கடைசியில், "தயங்காம சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். அஞ்சலையின் பாக்கிச் சம்பளம் என் தொண்டைவரை வந்தது. அவர் நிமிர்ந்து நம் ஓட்டுக் கூரையைப் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறாரோ அதைக் கேட்டால் கிடைக்கும் என்று என் வாய்க்குப் பழக்கமாகிவிட்டது. "ஒரு கட்டடம் இருந்தா நல்லா இருக்கும்ங்க" என்றேன். இந்தக் கல் அந்த ஒரு வார்த்தையில் முளைத்தது.

கட்டடம் வரப்போகும் செய்தி உன் கடிதத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கார்த்திகை பிறந்ததுமே ஜவுளிக்காரர் வந்து தன் நாட்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மெட்ராஸ்லேர்ந்து மாடியே வருதாமே, இனிமே உங்களுக்கு என்னம்மா குறை?" என்று கேட்டார். கேலியில்லை, உண்மையாகவே நமக்காகச் சந்தோஷப்பட்டார். அவரைப் பார்த்து இன்னும் பலர். பலகையில் இனி வரும் துவாதசிகூடக் காலியாக இருக்கிறது. மாடிக்கு வரி, விளக்குக்குக் கரண்ட் பில், வருஷத்துக்கொருமுறை வெள்ளையடிப்பு, பிள்ளைகள் மாடிப்படியில் உருளாமல் பார்த்துக்கொள்ள இன்னும் ஓர் ஆள், இதெல்லாம் யார் உபயம்? உன் டிரஸ்டில் கட்டடத்தைக் கட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைத்தான் நீயே எழுதியிருக்கிறாய், அதற்குமேல் கொடுப்பது அவர்கள் விதியில் இல்லை என்று.

இதெல்லாம் சரி, எப்படியோ சமாளிக்கலாம் என்றுதான் போன மாதம்வரை இருந்தேன். போன துவாதசிக்கு நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று வந்தவர்கள், முன்பே எடுத்துக்கொண்ட நாளைக் கைவிடாத மூன்று குடும்பம், கூடவே போட்டோ எடுக்கிறவர். அஞ்சலை பிள்ளைகளுக்குத் தலைவாரி வரிசையாக உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். வசந்தா அடுப்படியில். நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று கைகூப்பிக்கொண்டிருந்தேன். போட்டோ எடுத்து முடிந்து, இலை போட்டு உட்கார்ந்தபோதுதான் முருகன் இல்லை என்று அஞ்சலை கண்டுபிடித்தாள். மூன்று வயதுப் பிள்ளை, காளவாயில் கல் சுமக்கும் காளியம்மாவின் மகன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. உபயக்காரர்கள் எதிரில் நான் கத்தவில்லை, மகனே. பாயசம் பரிமாறச் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் அங்கிருந்து ஓடினேன். அந்த நேரத்திலும் அவர்கள் முகம் கோணக்கூடாது என்று தோன்றியதே, அதை நினைத்தால் இன்னும் என் உடம்பு கூசுகிறது. கரையெல்லாம் தேடினேன். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன ஒரு வண்டிக்காரர், பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நின்று அழுதுகொண்டிருந்தவனைத் தார்களின் மேல் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அம்மாவைத் தேடிப் போயிருக்கிறான்.

சாயங்காலம் காளியம்மா வந்தபோது நானே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, "உங்களைக் குத்தம் சொல்லலை அக்கா. வர்றவங்களைப் பாத்துக்க இங்கே ஆள் இருக்கு. புள்ளையைப் பாத்துக்க ஆள் இல்லை" என்றாள். மறுநாளிலிருந்து அவனை இங்கே விடவில்லை. காளவாய்க்குப் போய்ப் பார்த்தேன். பழைய சேலைக் கிழிசலால் அவன் காலை ஒரு பூவரச மரத்தில் கட்டியிருந்தாள். எட்டும் தூரம்வரை போய், இழுக்கும்போது நின்று, மறுபடி மரத்தைச் சுற்றினான். என்னைப் பார்த்ததும் அத்தை என்று கை நீட்டினான். இந்த வீட்டை நான் ஆரம்பித்ததே எந்தப் பிள்ளையும் அப்படிக் கட்டப்படக் கூடாது என்றுதான். காளியம்மாவைப் பார்த்துவிட்டு இன்னும் சிலர் தங்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அஞ்சலையும் போகிறாள். தில்லைநகரில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயா வேலை கிடைத்திருக்கிறது, பொங்கல் கழித்து வரச்சொல்லியிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். அதை என்னிடம் சொல்ல அவள் பட்ட பாடு! நான் போனால் பாவமா அக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன், வேறு என்ன சொல்ல? கொஞ்ச நேரம் கழித்து, "கட்டடம் வருதாமே, அதுக்கு வாட்ச்மேன் போடுவாங்களா? எங்க வீட்டுக்காரருக்காவது அந்த வேலை கிடைக்குமா அக்கா?" என்று கேட்டாள். அவள் கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்கும் மூச்சு முன்போல் இல்லை. பெரியாஸ்பத்திரியில் இருதயம் பலவீனம், படியேறாதே என்றார்கள். படியேறக் கூடாதவளுக்கு நீ இரண்டு மாடி கட்டித்தருகிறாய்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயிலுக்குத் தெற்கே அந்த மொட்டைக் கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம், இதை ஏன் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று கேட்பாய். ராஜா போய்விட்டார், பணம் தீர்ந்துவிட்டது என்று எதையாவது சொல்வேன். எத்தனையோ தலைமுறையாக அது மொட்டையாகத்தான் நிற்கிறது. அதனால் கோயிலுக்குள் ஒரு நாளாவது விளக்கு ஏற்றாமல் விட்டார்களா? விளக்கேற்றுகிறவருக்குப் படி அளக்க வழி செய்து வைத்திருந்தார்கள், அவருக்குப்பின் யார் என்றும் வைத்திருந்தார்கள். நான் கோயிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டது உபயத்தை மட்டும்தான். கற்றுக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டேன்.

ஆகவே உன் பெரிய மனிதர்களிடம் நீ பேசு. மாடிக்கு ஒதுக்கியதில் ஒரு பங்கு போதும், அதை எந்தப் பெயரும் எழுதாத நாட்களுக்குக் கொடுக்கச் சொல். ஒரே தடவையாகக் கொடுத்துவிட்டுப் போகாமல், நான்கைந்து வருஷம் கூடவே இருக்கச் சொல். அஞ்சலைக்கும் இன்னும் ஒருத்திக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஆகட்டும், அதைக் கரைந்துபோகும் காசு என்று யாரும் சொல்லாமல் இருக்கட்டும். அவளிடம் வளர்ந்த பிள்ளைகள் எங்கே கரைந்துபோனார்கள்? கூரையில் நான்கு ஓடு மாற்றினால் மழைக்குத் தாங்கும். கணக்கு வழக்கு எப்படி வைப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஒருவரை அனுப்பு, எனக்குப்பின் இதை நடத்த யார் என்று எங்களோடு சேர்ந்து யோசிக்கட்டும். காளியம்மா மாதிரி ஒருத்தியும் அந்தப் பேச்சில் உட்காரட்டும். புதிதாக என்ன செய்தீர்கள் என்று வருஷாவருஷம் கேட்காதீர்கள். நேற்று செய்ததையே இன்றும் தவறாமல் செய்தோமா என்று கேளுங்கள். இதெல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. இங்கே என்ன சரியில்லை என்று கேட்க வேண்டும். கேட்டபின், உண்மையைச் சொன்னதற்காக எங்களை விட்டுவிட மாட்டார்கள் என்று எனக்கு நம்பிக்கை வரும்படி நடந்துகொள்ள வேண்டும். சொந்தப் பிள்ளையிடம் சொல்லவே எனக்கு இத்தனை நாள் ஆயிற்று என்றால், மற்ற இடங்களில் கைகூப்பி நிற்பவர்கள் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார். நீ போய்ப் பார்த்து எழுதிய இல்லங்கள் எல்லாவற்றிலும் எனக்கு, ஆள் வந்தால் துணியை எடுத்துக் காட்டும் என் ரேடியோதான் தெரிகிறது.

உன் வேலைக்கு இதனால் ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது. கல் செதுக்கி, நாள் குறித்து, அழைப்பு அடித்தபின் வேண்டாம் என்று சொன்னால் உன்னை என்ன நினைப்பார்கள்? அதையெல்லாம் யோசித்துத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணை மூடினால் அந்தப் பூவரச மரம் வருகிறது. எனக்கென்று உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இப்போதும் எனக்காகக் கேட்கவில்லை. வசந்தாவுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன், அண்ணனிடம் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு ஒன்றும் வேண்டாமாம். அஞ்சலையைப் போகவிடாமல் செய், மகனே. முருகனை அவிழ்த்துக் கொண்டுவர எனக்கு ஒரு வழி செய்.

அம்மா

அண்ணா,

இனி இருப்பது நான் எழுதுவது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றப் போயிருக்கிறார்கள். கடைசியில், உன் இஷ்டம்போல் செய், நீ எப்படிச் செய்தாலும் அம்மா தப்பாக நினைக்க மாட்டேன் என்று எழுதச் சொன்னார்கள். அதை நான் எழுதவில்லை. எழுதியிருக்கிறேனா என்று அவர்களால் படித்துப் பார்க்க முடியாது.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதச் சொன்னதை மட்டும் அப்படியே எழுதியிருக்கிறேன். அம்மா கேட்டபோது நான் அப்படித்தான் தலையாட்டினேன். மெட்ராஸிலிருந்து வந்தவர் கேட்டபோது அம்மா கட்டடம் என்று சொன்னார்களே, அந்த மாதிரிதான் அதுவும். எனக்குப் படிக்க வேண்டும் அண்ணா. எட்டாவது கணக்குப் புத்தகத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன், ஒன்பதாவது புத்தகம் என்னிடம் இல்லை. அஞ்சலை அக்கா போய்விட்டால் நான் இந்த வீட்டை விட்டு எங்கும் போக முடியாது. அவர்கள் இருந்தால் படிக்கப் போகலாம், போய்விட்டுச் சாயங்காலம் வந்து இங்கேயே வேலையும் செய்யலாம். நேரில் கேட்டால் இதை நான் சொல்ல மாட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அம்மா பெயர் வெளியே தெரியாதபடி அஞ்சலை அக்கா கல்லைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் பிள்ளைகளின் துணியைத் துவைக்கிறார்கள்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். பொங்கலுக்கு முன்னால் ஓர் அஷ்டமி வருகிறது. பலகையில் அன்றைக்கு யார் பெயரும் இல்லை. விழாவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்கு வாங்க. முடிந்தால் அந்த மெட்ராஸ்காரரையும் அழைத்துக்கொண்டு, தகவல் சொல்லாமல் வாங்க. ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன் என்று அம்மா சொன்னது உண்மைதான். அன்றைக்கு நானே கதவைத் திறக்கிறேன்.

வசந்தா